முப்பதடி சுத்தம்

கால்வாய் வேலைக்கு மூன்று படம் எடுக்க வேண்டும். தொடங்குமுன் ஒன்று, நடக்கும்போது ஒன்று, முடிந்தபின் ஒன்று. மூன்றிலும் ஓர் ஆள் வெள்ளைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எந்த லோரோங், அதாவது எந்தச் சந்து, என்ன தேதி, என்ன வேலை என்பதெல்லாம் பலகையில் மலாயில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் குணாளன் தன் கைப்பேசியில் படம் பிடித்து நகராண்மைக் கழகத்துக்கு அனுப்புவான். படம் போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்த மாதிரி. யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை.

ஆட்கள் நானும் சூசையும்தான். பலகை எழுதுவது என் பொறுப்பு. நாற்பது வயது தாண்டி, கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பில்தான் நான் தமிழும் மலாயும் எழுதப் பழகினேன். அதை நம்பி ஒருவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை இந்தப் பலகை. அதனால் ஒவ்வொரு எழுத்தையும் நிதானமாக, கோணாமல் எழுதுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. தண்ணீர்மலைப் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பு, நான்காவது லோரோங். வரிசை வீடுகளின் பின்னால் முன்னூறு அடி நீளத்துக்குக் கால்வாய் ஓடுகிறது. வெயில் மண்டையைப் பிளந்தது. குணாளன் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று தோன்றியது.

"குணா, படத்துல இந்த முனை மட்டுந்தான தெரியுது? ஒரு முப்பதடி இருக்குமா? அத நல்லா செஞ்சா போதும்லா."

அவன் என்னையும் கால்வாயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "அண்ணே, உங்கள போய் மண்ணள்ள வெச்சிருக்கோமே."

அன்றைக்குப் பதினொரு மணிக்கே காப்பிக்கடையில் உட்கார்ந்துவிட்டோம். அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதம் யாரும் யாரையும் கேட்கவில்லை, முப்பதடியில் மண்வெட்டி தானாக நின்றது. யாரும் என் கையில் காசு எதையும் வைக்கவில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் இரண்டு மணி நேர நிழல்.

அந்த நிழலில் உட்கார்ந்துதான் நாட்டைப் பற்றிப் பேசுவோம். பெரிய பெரிய ஆட்கள் பெயர் பேப்பரில் வரும்போதெல்லாம் சூசைக்குக் கோபம் தலைக்கேறும். "தின்றானுங்கண்ணே, நாட்டையே தின்றானுங்க! புடிச்சி உள்ள போடணும்லா அத்தன பேரையும்!" நானும் ஆமாம் போடுவேன். மேசைக்கு அடியில் எங்கள் பூட்ஸ் ஈரமே படாமல் இருக்கும்.

அந்த லோரோங்கில் இன்னொரு விஷயமும் இருந்தது. சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டி, கால்வாய்மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடிய வீடுகள் பதினொன்று. சுத்தம் செய்வதற்குத் திறக்கிற மாதிரி ஒரு மூடி விட வேண்டும் என்பது சட்டம். பதினொரு வீட்டிலும் அதை அடைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி ஜெகதீஸ்வரி, மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டி, துணி துவைக்கும் இயந்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டாள். பாயான் பாருவில் தொழிற்சாலை வேலை அவளுக்கு. வீட்டில் படுத்த படுக்கையாய் அப்பா.

"அண்ணே, இத மட்டும் தொறந்துடாதீங்க. இப்பத்தான் ஆள் வெச்சி ஒட்டுனேன்" என்று சொல்லி, எங்களுக்குத் தேநீரும் சூடான கரிபாப் பலகாரமும் கொண்டுவந்து கொடுத்தாள்.

திறக்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு மட்டும் இருந்ததா என்ன? நன்றாகச் சாப்பிட்டோம்.

போன அக்டோபரில் ஒரு மத்தியானம், இரண்டு மணி நேரம் விடாமல் மழை. கால்வாய்த் தண்ணீர் போக வழியில்லாமல் சமையலறைத் துளைகள் வழியாக வீடுகளுக்குள் ஏறியது. ஜெகதீஸ்வரியின் அப்பாவை அடுத்த வீட்டுச் சலேஹாவின் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றியிருக்கிறார்கள். அவள் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதிப் போட்டாள். பதில் வந்தது: இன்ன தேதியில் கால்வாய் முழுவதும் சுத்தம் செய்யப்பட்டது, படம் இணைத்திருக்கிறோம், அடைப்புக்குக் காரணம் உங்கள் சிமெண்ட் பலகை, பதினான்கு நாளில் உடைத்து எடுக்கவும்.

அந்தத் தாளோடு, நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கே வந்துவிட்டாள். தாளில் இருந்த படத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"கார்த்திகேசு அண்ணே, இது யாரு?"

"நாந்தான்."

"நல்லா சிரிச்சிருக்கீங்க. அன்னிக்கு எங்க வீட்டுப் பக்கம் நீங்க வரவே இல்ல. நான் லீவுல வீட்டுலதான் இருந்தேன். புதன்கெழம ஆபீசர் வர்றாங்க. அவங்ககிட்ட அத மட்டும் சொல்லுங்க, போதும். அடுத்த மழைக்கு எங்கப்பாவ நான் எங்க தூக்கிட்டு ஓடுறது?"

"மூடியப் பத்திக் கேட்டா?"

தாளை நாலாக மடித்தாள். "கேட்டாத்தானே. நீங்களா ஏன் சொல்லணும்?"

குணாளனுக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் காலை என் தோளில் கைபோட்டுத் தனியே கூட்டிப்போனான்.

"அண்ணே, அந்தம்மா மூடிய அடைச்சது உண்மையா இல்லியா? ஆபீசருக்கு அதக் காட்டுங்க. நான் ஒன்னும் பொய் சொல்லச் சொல்லல. முப்பதடி கதைய மட்டும் வாயில எடுக்காதீங்க. இந்தக் காண்ட்ராக்ட் போச்சுன்னா உங்களுக்கு யாருண்ணே வேல குடுப்பா? அம்பத்தொம்பது வயசுல?"

அவன் சொன்னது சரிதான். எனக்கு யார் கொடுப்பார்கள்?

சூசை அவனுக்குத் தெரிந்த வழியைச் சொன்னான். "புதன்கெழம எம்சி லீவு எடுத்துருங்கண்ணே. வயித்து வலின்னா டாக்டர் உடனே சீட்டு எழுதிக் குடுப்பாரு."

"அதுவும் பொய்தானடா."

"அது எல்லாரும் செய்றதுலா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்குச் சிரிக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை.

இரண்டு நாள் இதே நினைப்பாக இருந்தேன். அவளும் ஓர் உண்மையைத்தான் சொல்லச் சொன்னாள், அவனும் ஓர் உண்மையைத்தான் சொல்லச் சொன்னான். ஒன்றைச் சொன்னால் மற்றது மூடிக்கொள்ளும். அவள் பக்கம் பேசினால் அவள் சமையலறை தப்பும், தண்ணீர் மறுபடியும் ஏறும். அவன் பக்கம் பேசினால் என் வேலை தப்பும், முப்பதடி அப்படியே இருக்கும், அப்போதும் தண்ணீர் ஏறும். இதில் அவளுக்குத் தெரியாத, அவன் மறந்துபோன ஒன்று எனக்கு நினைவிருந்தது. முப்பதடி என்ற பேச்சை முதலில் எடுத்தது யார்? குணாளன்கூட அது தன்னுடைய யோசனை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். மேலே இருப்பவன் கெட்டவன், அவன் சொல்லி நாங்கள் செய்தோம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வழியே இல்லை. மேலே இருந்தவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்.

புதன்கிழமை காலை வந்த அதிகாரி நூர் ஃபாத்திஹா என்ற இளம்பெண். தானே பூட்ஸ் போட்டுக்கொண்டு கால்வாய் ஓரமாக நடந்தாள். லோரோங்கே பின்கதவுகளைத் திறந்து வைத்து வேடிக்கை பார்த்தது. அவள் படத்தையும் என்னையும் பார்த்துவிட்டு மலாயில், மாமா என்கிற மரியாதையோடுதான் கேட்டாள்.

"பாக்சிக், அன்றைக்கு இந்தக் கால்வாய் முழுவதையும் சுத்தம் செய்தீர்களா?"

குணாளன் தொண்டையைச் செருமினான்.

"இல்லை" என்றேன். "அந்த முனையில் முப்பதடி. இரண்டு வருடமாக அவ்வளவுதான்."

"யார் அப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. நான்தான் முதலில் சொன்னேன். பலகையில் எழுதியதும் நான்தான்."

குணாளன் என்னைத் திரும்பிப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஜெகதீஸ்வரியின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்தபோது அத்தோடு நிறுத்திவிடலாமா என்று எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் அதிகாரி இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள், எழுதி முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"இன்னொன்று. முழுவதும் செய்திருந்தாலும் தண்ணீர் போயிருக்காது. பதினொரு வீட்டில் மூடியை அடைத்திருக்கிறார்கள். திறக்காதீர்கள் என்றார்கள். எங்களுக்கும் அதுதான் சுகமாக இருந்தது."

"அண்ணே!" என்றாள் ஜெகதீஸ்வரி. "உங்கள நம்பித்தானண்ணே வந்தேன்."

"தெரியும்மா."

"என்ன தெரியும்? ஒங்க வீட்டுக்குள்ளயா தண்ணி வந்துச்சி?"

அதிகாரி பேனாவை மூடினாள். கம்பெனிமேல் அறிக்கை போகும், அதில் என் பெயரும் இருக்கும் என்றாள். பதினொரு வீட்டுக்கும் நோட்டீஸ் வரும், பதினான்கு நாள் தவணை உண்டு என்றாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது.

ஜெகதீஸ்வரியும் அந்தப் பக்கம்தான் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் துணி இயந்திரத்தைத் தனியாக இழுக்க ஆரம்பித்தாள். தரையில் அது கிறீச்சிட்டது. சூசை ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தான்.

"ஒடைங்க" என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். "பாத்து ஒடைங்க, அப்பா தூங்குறாரு."

கடப்பாரையை மெதுவாகத்தான் விட்டேன். டைல்ஸ் உடைந்து மூடி எழும்பியபோது வந்த நாற்றத்தில் குணாளன்கூடப் பின்னால் நகர்ந்தான். கீழே கறுப்பு மண்ணோடு புட்டிகள், குழந்தை அணையாடைகள், சாப்பாட்டுப் பொட்டலங்கள், கடையில் தேநீர் ஊற்றிக் கயிறு கட்டித் தரும் பிளாஸ்டிக் பைகள். அதில் நாங்கள் எறிந்த பைகளும் இருக்கும். நானும் சூசையும் இடுப்பளவு இறங்கி ஒரு மணி நேரம் வாரிப் போட்டோம். தேங்கிய தண்ணீர் மெல்ல அசைந்தது, நாலடி நகர்ந்தது, சலேஹா வீட்டுச் சிமெண்ட் பலகைக்கு அடியிலிருந்த அடைப்பில் முட்டி நின்றுவிட்டது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சற்று முன்னால் வேடிக்கை பார்த்த பின்கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தன.

"போதும்ணே, மேல ஏறுங்க" என்றான் குணாளன். "மத்தவங்களுக்கு நோட்டீஸ் வரட்டும். நாளைலேருந்து நீங்க வர வேணாம்."

"நாளைலேருந்துதான?" என்றேன்.

கடப்பாரையைச் சுவரில் சாய்த்தேன். சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சலேஹா வீட்டுப் பின்கதவைத் தட்டினேன். உள்ளே செருப்புச் சத்தம் கதவு வரைக்கும் வந்து நின்றது. திறக்கவில்லை. மறுபடியும் தட்டினேன்.