பைபாஸ் பேனரில் மாப்பிள்ளை

சுகன்யாவுக்கு வந்த வரன்களில் அவளுக்குப் பிடித்துப்போன ஒரே ஆள் எருமப்பட்டி மோகன்குமார்தான். கோழித் தீவனக் கடைக்காரன். பெண் பார்க்க வந்த இடத்தில் நாலு பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "இன்னொன்னு இருக்குங்களா?" என்று கூச்சமே இல்லாமல் கேட்டான். இவள் அங்கேயே விழுந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை உறுதி செய்வதாகப் பேச்சு. அதற்குள் அம்மாவின் தம்பி நாச்சிமுத்து வந்து குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மச்சான், உங்க மாப்பிள்ளை சங்ககிரி பைபாஸ்ல முப்பதடி ஒசரத்துல நிக்கறானுங்க. தோள் மேல ஒருத்தி கையப் போட்டுட்டு நிக்கறா!"

ஜவுளிக்கடை விளம்பரம். கடைக்காரன் ரமேஷ்குமார் தன் சிநேகிதன் என்றும், அவன் கெஞ்சினானே என்று ஒருநாள் வேட்டி கட்டி நின்றதாகவும் மோகன்குமார் முன்பே சொல்லித்தான் இருந்தான். பக்கத்தில் ஒரு பெண் நின்றதைத்தான் சொல்லவில்லை. சொன்னால் என்னவாம், வாயில் இருந்த முத்து உதிர்ந்துவிடுமா? சுகன்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா மருதாசலம் மூன்று லாரிக்குச் சொந்தக்காரர். எதையும் நேரில் பார்க்காமல் தள்ளமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் காரில் போய் பேனருக்குக் கீழே இறங்கினார்கள்.

செக்கச்செவேலென்று சாயங்கால வானம். மொட்டைப் பாறை. அரக்குப் பட்டில், கூந்தலை அவிழ்த்துவிட்ட ஒரு பெண் அவன் தோளைப் பிடித்திருந்தாள். அவனோ புருவத்தைச் சுருக்கி, எங்கோ தூரத்தில் எதையோ தொலைத்தவனாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொழுது சாயற நேரத்துல தலைய விரிச்சுப் போட்டுட்டு நிக்கறாளே, கருமம்! கல்யாணப் பட்டுக்கு எடுத்த படமா இது?" என்றாள் அம்மா முத்தாயம்மாள்.

"அவன் கண்ணப் பாருக்கா, தண்ணி கோத்துட்டு நிக்குது" என்றார் மாமா. தினம் நாலு சீரியல் பார்க்கிறவர், விடுவாரா? "இது நடிப்பில்ல. பழைய காதல். அவ போவாதேங்கறா, இவன் போறேங்கறான். வானம், பாறை, எல்லாமே பிரிவுதான்."

அப்பா தலையை ஆட்டினார். "அந்தப் பார்வை எனக்கும் ஒப்பலைப்பா. மனசுல ஒருத்திய வெச்சிருக்கறவனுக்கு எம்புள்ளையத் தர மாட்டேன். வண்டியில ஏறுங்க."

சுகன்யாவுக்கு அழுகை முட்டியது. அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் படத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பார்த்தவள் அசையவில்லை.

வானத்தில் சாயங்காலம். ஆனால் அவன் நிழல் நீளவே இல்லை. பாதத்துக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தது. வெறுங்கால். பத்து விரலையும் மடக்கி, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றான். அந்தப் பெண்ணின் சேலைக் கரைக்குக் கீழே எட்டிப் பார்த்ததோ ஆம்பளைச் செருப்பு. அவள் பாதம் ரெண்டும் ஒன்றிலேயே அடங்கிவிடும், அத்தனை பெரிசு.

"அப்பா, பழைய லாரி வாங்கப் போனா மொதல்ல எதப் பாப்பீங்க?"

"டயரத்தான். அதுக்கென்ன இப்ப?"

"அப்பக் கீழ பாருங்கப்பா."

அப்பா கையைக் குடையாக நெற்றியில் வைத்துப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, மருதாசலம் பேசறேன். பேனருக்கு எத்தன மணிக்குப்பா நின்னீங்க?"

"உச்சி வெயிலுங்க மாமா. அந்தச் செவப்பு வானமெல்லாம் அப்பறம் கம்ப்யூட்டர்ல போட்டதுங்க. ஏனுங்க?"

"உங்க செருப்பு எங்க?"

மோகன்குமார் கொஞ்சம் தயங்கினான். "அந்தப் புள்ளை பெங்களூருங்க. சுடற பாறையில வெறுங்காலோட ரெண்டு நிமிசம் நின்னதுக்கே அழுதுருச்சு. சேலை மறைச்சுக்கும்னு என்னுதக் கழட்டிக் குடுத்தனுங்க. பெரிய செருப்பு, தடுமாறி எந்தோளப் புடிச்சுக்குச்சு. எனக்குக் காலு வேவுது. கேமராக்காரரு எம் மூஞ்சியப் பாத்துட்டு, 'ஆகா, இந்த ஏக்கந்தான் வேணும், அசையாதீங்க'ன்னு அரை மணி நேரம் நிக்க வெச்சுட்டாருங்க!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா, அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு லாரியை வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

சுகன்யா அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"கால் இப்ப எப்படியிருக்குதுங்க?"



"ஆறிருச்சுங்க" என்றான். குரல் இறங்கியிருந்தது. "பேனர் வெச்சதுலருந்து ஊரே போன் பண்ணுது. அந்தப் பொண்ணு யாரு, எந்தூரு, நம்பர் இருக்குதான்னு கேக்கறாங்க. கால் எப்படியிருக்குதுன்னு கேட்டது நீங்க ஒருத்தருதானுங்க."

சுகன்யா அப்பாவைப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை.

"வெள்ளிக்கெழம வந்துருங்க" என்றாள்.