இசக்கிப்ரியா கட்சி எடுக்கப் போனாள்

தேர்தல் வந்துவிட்டதால் கட்சிகள் எல்லாம் வழக்கம்போல ஜவுளிக்கடையில் வந்து இறங்கியிருந்தன. பழைய ஓட்டுக்காரர்களுக்குக் கவலையில்லை. வீட்டு பீரோவில் ஒன்றை மடித்து வைத்திருப்பார்கள். சாயம் போயிருந்தாலும் அதையே உதறிக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். புது ஓட்டுக்காரர்கள்தான் கடை ஏறிப் பார்த்து எடுக்க வேண்டும்.

இசக்கிப்ரியாவுக்கு இது முதல் ஓட்டு. துணைக்கு அப்பாவின் அக்கா மாடத்தி வந்தாள்.

இசக்கிப்ரியாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊருக்கு வந்துகொண்டிருந்த காலை பஸ். அதை நிறுத்திவிட்டார்கள். கல்லூரி திறப்பதற்குள் பஸ் திரும்பி வராவிட்டால் படிப்பை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டியதுதான் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். எந்தக் கட்சி பஸ்ஸை முன்னால் வைத்திருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு அடுத்த நிமிஷம் வெளியே வந்துவிடுவது என்று அவள் திட்டம் போட்டிருந்தாள். கடைக்குள் நுழைகிற எல்லோரும் போடுகிற திட்டம்தான்.

வாசலில் நின்ற வாட்ச்மேன் பன்னீர் தெளித்தார்.

"புது ஓட்டா, பழசை மாத்தணுமா?"

"புதுசு."

"மூணாவது மாடி."

லிஃப்ட் கொஞ்ச தூரம் கீழே போனது. பிறகு மனசு மாறி மேலே வந்தது.

மூணாவது மாடி ஒரு ரயில் வந்து திரும்பிப் போகிற அளவுக்கு இருந்தது. வெள்ளை விரிப்பில் வாய் நிறையக் குண்டூசியோடு ஞானதுரை உட்கார்ந்திருந்தார். கடையில் பழுத்த சேல்ஸ்மேன். குண்டூசி வழியாகவே தெளிவாகப் பேசுவார்.

"வாங்கக்கா, உக்காருங்க. பாப்பாவுக்கா?"

"பாப்பாவுக்குத்தான். என்னைய மாதிரி கிழடுக கட்டுறதக் காட்டிராதீங்க," என்றாள் மாடத்தி.

"பாப்பா என்ன மாதிரி பாக்குது?"

"பஸ்," என்றாள் இசக்கிப்ரியா.

"பஸ்ஸுதான? எடுத்துப் போட்டுருவோம்."

அலமாரியிலிருந்து கட்டம் போட்ட கட்சியை உருவி ஒரு உதறு உதறினார். அது விரிப்பைத் தாண்டி, நடையைத் தாண்டி, குழந்தைகள் பிரிவு வரை ஓடியது. அங்கே சட்டை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பழக்கமாகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். துணி முழுக்க அந்தக் கட்சி செய்யப்போகிற காரியங்களை வரிசையாக நெய்திருந்தது. வேலை. தண்ணீர். பாலம். பாலத்துக்குப் பெயர். பெயருக்கு விழா.

"பஸ் எங்க?"

"உள்ள இருக்கும்மா. நெருக்கமான நெசவு. விரிக்க விரிக்கத்தான் தெரியும்."

"அந்தப் பூப்போட்டதுல?"

"அதுலயும் இருக்கு."

"ப்ளெய்ன்ல?"

"ப்ளெய்ன்லதாம்மா எல்லாமே இருக்கு."

மூன்றையும் விரித்தார். அரை மணி நேரத்தில் துணி மலையாகக் குவிந்துவிட்டது. உச்சியில் மேகம் கூடத் தட்டியது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து நரைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"அந்தப் பூப்போட்டத இன்னொரு தடவ காட்டுங்க தம்பி," என்றது.

"ரெங்கநாயகியம்மா, இந்தா வந்துட்டேன்," என்றார் ஞானதுரை.

"நீங்க எப்ப வந்தீங்க?" என்று இசக்கிப்ரியா அந்த அம்மாளைக் கேட்டாள்.

"ரேடியோவுல ரிசல்ட்டு வாசிச்ச காலத்துல வந்தேன். எனக்கும் இதான் முத ஓட்டு."

"இன்னும் எடுக்கலையா?"

"அவசரப்பட்டு எடுத்துட்டா மாத்த முடியாதுல்லா." ரெங்கநாயகி கையிலிருந்த காபியை ஊதினாள். உள்ளே வந்தபோது கொடுத்த காபி. இன்னும் ஆறவில்லை.

அந்த அம்மாளின் மடியில் பழைய கல்லூரிப் பை ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததும் இசக்கிப்ரியா எழுந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, டியூப்லைட்ல ஒண்ணும் தெரியல. வெளிச்சத்துல பாக்கணும்."

"தாராளமா. உங்க உரிமை."

மூன்று கட்சிகளின் முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். வேட்டிப் பிரிவு வந்தது. பனியன் பிரிவு வந்தது. அது முடிந்ததும் இன்னொரு பனியன் பிரிவு வந்தது. அவள் நடக்க நடக்க வாசல் மரியாதையாகப் பின்னால் நகர்ந்து இடம் விட்டது. பனியன் பிரிவைக் கடக்க ஒரு பொழுது போய்விட்டது. ஒருவழியாக வாசலை மடக்கிப் பிடித்தாள்.

பகல் வெளிச்சத்தில் எழுத்து துலக்கமாகத் தெரிந்தது. உள்ளே "வேலை" என்றிருந்தது இங்கே "வேலை பற்றிய மாநாடு" என்றிருந்தது. "தண்ணீர்" என்பது "தண்ணீர் வருகிறது என்ற செய்தி" ஆகியிருந்தது. பஸ்ஸைக் காணோம். அது துணியின் கடைசியில் இருந்தது. கடைசி இன்னும் மூணாவது மாடியில் இருந்தது.

அவள் இழுத்தாள். வாட்ச்மேன் குறுக்கே வந்தார்.

"துணிய வெளிய கொண்டுபோகக் கூடாது."

"கடைசிய மட்டும் பாத்துட்டுத் தந்துருதேன்."

"பில்லு போட்டுட்டுப் பாரும்மா."

"பில்லு போட்டா எடுத்தாச்சுன்னு அர்த்தம்லா? பாத்தாதான எடுக்க முடியும்?"

"எடுத்தாதான பாக்க முடியும்," என்றார் அவர். அவர் குரலில் வஞ்சகமே இல்லை. அதுதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

துணியை வாரிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப மேலே வந்தாள். இதற்குள் மாடத்தி கண்ணாடி முன்னால் நின்று தோளில் ஒரு கட்சியைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுப்பா இருக்காட்டி?"

"அத்த, இதே கட்சி உங்க பீரோவுல இருக்குல்லா?"

"அது பழசு. இது புதுசு."

"ரெண்டும் ஒண்ணுதான அத்த?"

"அதனாலதான எடுத்தேன்."

இசக்கிப்ரியா விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மூன்று துணியையும் ஞானதுரையின் மடியில் போட்டாள்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. துணி பத்தலன்னா எதைய முதல்ல வெட்டுவீங்க?"

சீலிங் ஃபேன்கள் நின்று, எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தன. ஞானதுரை வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"அப்படி யாரும் கேட்டதில்லையேம்மா. இருக்கான்னுதான் கேப்பாக. இருக்குன்னு சொல்லுவோம். போயிருவாக."

"நான் கேக்கேன்."

"அதுக்குக் கட்டிங் மாஸ்டர்தான் வரணும்."

"வந்தாச்சு," என்றது பக்கத்துத் தூண். பார்த்தால், தூணின் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. இத்தனை நேரம் மாடியைத் தாங்கிக்கொண்டு அங்கேதான் நின்றிருக்கிறார். "எவ்வளவு பத்தல?"

"வழக்கமா எவ்வளவு பத்தாதோ அவ்வளவு."

"அப்படின்னா நிறைய," என்றார் தூண் மாஸ்டர். கத்தரிக்கோலை எடுத்தார்.

மூன்றும் ஒரே மாதிரி வெட்டுப்படவில்லை. இத்தனை நேரத்தில் அவற்றுக்குள் வித்தியாசம் தெரிந்தது இப்போதுதான். கட்டம் போட்டதில் பாலத்தின் பெயர் மிஞ்சியது, பாலம் போய்விட்டது. பூப்போட்டதில் தண்ணீர் மிஞ்சியது. விசாரித்தால், நல்ல தண்ணீர்தான் என்றார்கள். ப்ளெய்னில் பாதி வேலை மிஞ்சியது. பஸ் மட்டும் மூன்றிலும் கத்தரிக்கோலுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

"வெட்டுன துணியெல்லாம் எங்க போகும்?"

"கீழ. துண்டுத்துணி குடோனுக்கு."

அவள் எழுந்தாள்.

"ஏட்டி, எங்க போற? எடுக்காம எந்திரிச்சா நம்மளக் கேவலமா நினைப்பாக!" என்று மாடத்தி கத்தினாள்.

குடோனில் எல்லாத் தேர்தலின் துண்டுகளும் கிடந்தன. இசக்கிப்ரியா இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரிகள், ரேஷன் கடைகள், ஒரு முழு அணைக்கட்டு. அதற்குப் பின்னால் பஸ் நின்றது. அவர்கள் ஊர் பஸ்ஸேதான். பின்பக்கம் அதே நசுங்கல். உள்ளே ஊர்க்காரர்கள் பாதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் சத்துணவு டீச்சர் எஸ்தர்.

"வா பிள்ள, இடம் கிடக்கு," என்றாள் எஸ்தர்.

"எப்ப கிளம்பும் டீச்சர்?"

"தேர்தல் முடிஞ்ச உடனே."

"எந்தத் தேர்தல்?"

எஸ்தர் யோசித்தாள். "அத யாரும் சொல்லலையே," என்றாள். பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டிருக்கலாமோ என்கிற முகம்.

டிரைவர் சீட் காலியாக இருந்தது. குடோன் படிக்கட்டில் மூச்சிரைக்க ஞானதுரை வந்து நின்றார். கையில் மூன்று கட்சிகள். வெட்டிய இடத்தை அழகாக மடித்து உள்ளே விட்டிருந்தார்.

"எதையம்மா பில்லு போட? கடை அடைக்கப் போறாக."

இசக்கிப்ரியா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. சாவியும் இல்லை. ஹாரன் இருந்தது. அதை அழுத்தினாள்.

அது ஊர் எல்லையிலிருந்தே தூங்குகிறவர்களை எழுப்பிவிடுகிற ஹாரன். மேலே அலமாரி அலமாரியாகக் கட்சிகள் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. சேல்ஸ்மேன்கள் படிக்கட்டு நிறைய வந்து குவிந்தார்கள். தூண் மாஸ்டரும் இறங்கி வந்துவிட்டார். அவர் வந்ததால் மூணாவது மாடி லேசாகத் தொங்கியது.

"கைய எடும்மா," என்று ஞானதுரை காதைப் பொத்திக்கொண்டு கெஞ்சினார். "கஸ்டமரெல்லாம் திரும்பிப் பாக்காக!"

"பாக்கட்டும்," என்றாள் இசக்கிப்ரியா. இன்னொரு கையையும் மேலே வைத்து அழுத்தினாள்.