பின்கதவும் மூன்று கிரெடிட்டும்

ஜூலை கடைசி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: நான், அதாவது ஓரின் ஹாஸ்கெட், இந்த ஊரில் இருபத்தெட்டு வருடம் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன்; என் மனைவி ஐரீன்; எங்கள் ஒரே மகள் டார்லா, வயது நாற்பத்தைந்து; பக்கத்து வீட்டு பெக் நோவாட்னி; கணினிக்குள்ளிருந்து பேசிய தேர்வுக் கண்காணிப்பாளர், பெயர் ரோவீனா. இவர்களில் பெக் அங்கே இருந்திருக்கக் கூடாது. ஆறாவதாக யாரும் இல்லை. ஊரில் வேறு பெயர்களும் அடிபடுவதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

டார்லா அன்று எழுதிக்கொண்டிருந்தது கல்லூரி அல்ஜீப்ரா தேர்வு. இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் அவளுடைய பல்கலைக்கழகம் பட்டத்துக்குக் கேட்டது நூற்று இருபது கிரெடிட், தேறிய பாடங்களுக்குத் தரும் அலகு. அவளிடம் இருந்தது நூற்றுப் பதினேழு. மீதி மூன்றும் கணக்கு. கடைசிப் பருவத்தில் அந்த ஒரு பாடத்தில் தோற்றுப்போனாள். முடிவு வந்தபோது பட்டமளிப்பு விருந்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. சர்ச் கூடம் எடுத்தாயிற்று, கேக்குக்குச் சொல்லியாயிற்று, அழைப்பு அட்டைகள் நூற்று முப்பது பேருக்குப் போயாயிற்று. விருந்தை நிறுத்திவிடலாம் என்று டார்லா சமையலறையில் நின்று அழுதாள். "கார்டு தபால்ல போயிடுச்சு. போனது போனதுதான்" என்று நான் சொன்னேன். அந்த அட்டைகளில் முத்திரை குத்தியவனும் நான்தான். விருந்து நடந்தது. கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் சுருட்டிய ஒரு தாளோடு அவள் நிற்கும் படம் எங்கள் முன்னறைச் சுவரில் இன்னும் இருக்கிறது. அந்தத் தாள் வெற்றுத் தாள்.

அடுத்த பருவத்தில் போய் அந்த ஒரு பாடத்தை முடித்திருக்கலாம். ஆனால் பட்டம் வாங்கிய பெண் எதற்காகத் திரும்பவும் வகுப்புக்குப் போகிறாள் என்று ஒஹையோ ஆற்றின் இந்தக் கரையிலிருக்கும் இரண்டாயிரம் பேரும் கேட்பார்கள். அதனால் போகவில்லை. போக வேண்டாம் என்று நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளியில் ஆசிரியருக்கு உதவியாளாகச் சேர்ந்தாள். பத்தொன்பது வருடமாக அதே வேலை. படித்த பெண் ஏன் உதவியாளாகவே இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், அவளுக்குச் சின்னக் குழந்தைகளோடு இருக்கத்தான் பிடிக்கும் என்று நான் பதில் சொல்லிவந்தேன். கேட்டவர்கள் அதை நல்ல குணமாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மே மாதம் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் வேலையை விட்டுப் போனார். தலைமையாசிரியை டார்லாவை அழைத்து, பட்டச் சான்றிதழைக் கொண்டுவந்தால் தற்காலிக ஆசிரியர் உரிமம் வாங்கி அந்த வகுப்பை அவளுக்கே தருவதாகவும், ஆகஸ்ட் இருபதுக்குள் கையில் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். டார்லா அன்று சாயங்காலம் வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"அப்பா, இப்ப இணையத்துலயே அந்தப் பாடத்தைப் படிச்சுக்கலாம். மாசக் கட்டணம், செருப்பு வாங்கற காசுதான். கடைசியில ஒரே ஒரு பரீட்சை. எழுபது எடுத்தா மூணு கிரெடிட், அதை நேரா யுனிவர்சிட்டிக்கு அனுப்பிடுவாங்க."

"அவங்க ஏத்துக்கணுமே" என்றேன்.

"ஏத்துக்கறோம்னு முதல்லயே எழுதி வாங்கிட்டேன். கேட்காம படிச்சுட்டு அப்புறம் செல்லாதுன்னு சொன்னவங்க கதை நிறைய இருக்கு." கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். பதிவாளர் கையெழுத்து இருந்தது. நான் ஒழுங்காகப் படித்துப் பார்த்தேன். தேதி, முகவரி, எல்லாம் சரியாக இருந்தன.

"ஊருக்குத் தெரிய வேண்டாம்" என்றேன்.

"தெரியாது. வீட்டுலயே எழுதறதுதானே" என்றாள். ஐரீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "இருபத்து மூணு வருஷத்துல நம்ம குடும்பம் நல்லாத் தேறிய பாடம் மறைக்கறது ஒண்ணுதான்" என்றாள்.

இரண்டு மாதம் படித்தாள். பள்ளி விடுமுறை என்பதால் பகலெல்லாம் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவள் வீட்டில் இணையம் அடிக்கடி நின்றுபோகும், தேர்வின் நடுவில் அப்படி நின்றால் அவ்வளவுதான். காணொளியில் ஒருவர் பாடம் நடத்துவார். அவள் நிறுத்துவாள், எழுதுவாள், மறுபடி ஓடவிடுவாள். பயிற்சித் தேர்வுகளில் முதலில் ஐம்பத்திரண்டு, பிறகு அறுபத்தொன்று, ஜூலையில் எழுபத்தாறு. எனக்கு அந்தக் கணக்கு எதுவும் புரியாது. மேசையின் மறுமுனையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பேன். தப்பாகப் போட்டால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சன்னலைப் பார்ப்பாள். பன்னிரண்டு வயதிலும் அப்படித்தான் செய்வாள்.

இறுதித் தேர்வின் விதிகளை அச்சடித்து வைத்திருந்தாள். அறையில் அவள் ஒருத்திதான் இருக்க வேண்டும். தொடங்கும்முன் கேமராவைச் சுற்றிக் காட்ட வேண்டும். மேசைக்கு அடி, கூரை, காது, சட்டைக் கை, வெற்றுத் தாளின் இரண்டு பக்கம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். வேறு ஒருவர் முகமோ குரலோ உள்ளே வந்தால் தேர்வு நிறுத்தப்படும்.

முந்தைய நாள் டார்லா கேட்டாள், "அப்பா, பின்கதவைப் பூட்டிடலாமா?"

எங்கள் சாப்பாட்டு அறையும் சமையலறையும் ஒன்றுதான். பின்கதவு அதற்குள் திறக்கும். இந்தத் தெருவில் முன்கதவைத் தட்டுகிறவர்கள் பாதிரியாரும் பொருள் விற்கிறவர்களும் மட்டுமே. மற்ற எல்லோரும் பின்னால் வருவார்கள், தட்ட மாட்டார்கள். அந்தக் கதவு பூட்டப்பட்டதே இல்லை. சாவி எங்கே என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

"போஸ்ட்மாஸ்டர் வீட்டுப் பின்கதவு பூட்டியிருந்தா, யாரு செத்தாங்கன்னு கேட்டுட்டு சாப்பாட்டுச் சட்டியோட வந்துடுவாங்க. அப்புறம் என்னன்னு சொல்றது? நான் முன்வாசல்ல உட்கார்ந்து பாத்துக்கறேன். யாரு வந்தாலும் தெருவுலயே நிறுத்திடுவேன்."

"பின்னாடி வந்தா?"

"என் கண்ணுல படாம யாரும் பின்னாடி போக முடியாது."

அது ஜூலைக் கடைசி. நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது அதைத்தான். அந்தச் சமயத்தில் ஊரில் ஒவ்வொரு தோட்டத்திலும் சுக்கினிக்காய் காய்த்துத் தள்ளும். சுரைக்காய் இனம், முழங்கை நீளத்துக்குப் பச்சையாக, தின்று மாளாது. எறியவும் மனம் வராது. ஆகவே அடுத்தவர் வீட்டில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். திறந்திருக்கும் காரில், வாசற்படியில், சமையலறை மேசையில். அப்படிக் கொடுக்க வருகிறவர்கள் தெரு வழியாக வருவதில்லை. எதிர்ப்பட்டால் நீங்களும் உங்கள் தோட்டத்துக் காய் இரண்டைக் கொடுத்துவிடுவீர்கள். பெக் வேலியிலிருந்த இடைவெளி வழியாக வந்தாள்.

முன்வாசலிலிருந்த எனக்கு அவள் குரல்தான் முதலில் கேட்டது. "ஐரீன்! ஒளிஞ்சுக்காத, மூணே மூணுதான் கொண்டுவந்திருக்கேன்!" நான் எழுந்து உள்ளே ஓடினேன். எழுபத்தாறு வயதில் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குள் பெக் டார்லாவின் தோளுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதென்னடி, அல்ஜீப்ராவா? இந்த வயசுல உனக்கு என்ன கேடு?"

கணினிக்குள்ளிருந்து ரோவீனாவின் குரல் வந்தது. "அறையில வேற ஒருத்தர் இருக்காங்க. நீங்க யாருங்க?"

பெக் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "நான் பெக், பக்கத்து வீடு. நீ யாரும்மா, எங்க இருக்க? உனக்கு சுக்கினி வேணுமா?"

"மேடம், தயவுசெஞ்சு பேசாதீங்க. இப்ப இன்னொருத்தரும் வந்துட்டாரு. டார்லா, பரீட்சையை நிறுத்த வேண்டியிருக்கு. மன்னிச்சுக்குங்க."

திரை வெள்ளையானது. பதினோராவது கேள்வி அது. டார்லா கத்தவில்லை. வெற்றுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து விளிம்புகளைத் தட்டிச் சேர்த்தாள். படுக்கையறைக்குள் சத்தமில்லாமல் இருந்த ஐரீன் வந்து வாசலில் நின்றாள். சிறிது நேரத்தில் மின்னஞ்சல் வந்தது. தேர்வு செல்லாது. உள்ளே வந்தவர் யார், எதற்கு வந்தார், நடந்துகொண்டிருந்தது என்னவென்று அவருக்கு முன்பே தெரியுமா என்பதை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு இரண்டு நாளுக்குள் அனுப்பினால், பதினான்கு நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு தரப்படும். ஒரே ஒரு வாய்ப்பு.

பெக் மூன்று காய்களையும் இன்னும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். "நான் எதையோ கெடுத்துட்டேன்னு மட்டும் தெரியுது. என்னன்னுதான் தெரியல. யாராவது சொல்லுங்க."

எனக்கு உடனே ஒரு பதில் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஏதோ பயிற்சி கொடுக்கிறார்கள், அதற்கான தேர்வு என்று சொல்லலாம். நம்பும்படியான பதில். அவளே அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவாள். வாயைத் திறந்தேன்.

"அப்பா," டார்லா தாள்களிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், "கார்டு தபால்ல போயிடுச்சுன்னு மறுபடி சொல்லப்போறீங்களா?"

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன், பெக்கையும் உட்காரச் சொன்னேன். நடந்ததைச் சுருக்கமாகத்தான் சொன்னேன். டார்லாவுக்குப் பட்டம் கிடையாது, அன்று விருந்து வைத்தது நான், அவள் நிறுத்தச் சொன்னாள், நான் கேட்கவில்லை. நான்கு வாக்கியம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பெக் காய்களை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப விருந்துக்கு நான் குடுத்த டோஸ்டர்?" என்றாள்.

"இன்னும் வேலை செய்யுது" என்றாள் ஐரீன்.

"நாலு ரொட்டித் துண்டு போடற டோஸ்டர் அது, போஸ்ட்மாஸ்டரே. பட்டதாரிக்குன்னு வாங்கினேன். இல்லேன்னா ரெண்டு துண்டுதான் வாங்கியிருப்பேன்." அப்படிச் சொல்லிவிட்டு டார்லாவின் பென்சிலை எடுத்துக்கொண்டாள். "என்ன எழுதணும், சொல்லு கண்ணு. சுக்கினின்னு எழுதினா அந்த ஊர்க்காரங்களுக்குப் புரியுமா?"

எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், காய்களை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொள்ளலாமே என்று ஐரீன் என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்கள் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். டார்லா நேராகத் தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "இருபதாம் தேதின்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல" என்றாள்.

இரண்டாவது தேர்வு ஆகஸ்ட் ஏழாம் தேதி. சாவி இல்லை; பூட்டோ துருப்பிடித்து இறுகியிருந்தது. உள்ளே நாற்காலியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தால் நான் கேமராவில் தெரிவேன். ஆகவே வெளியே, பின்கதவின் வலைக்கதவுக்கு முதுகைக் கொடுத்து, படியின் மேல்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். பூட்டிய கதவைப் பார்த்து ஊர் என்ன கேட்குமோ என்று பயந்தவன், கதவுக்குப் பூட்டாக ஒரு மணி ஐம்பது நிமிடம் அங்கே இருந்தேன்.

முதலில் வேலி இடைவெளியில் பெக் தெரிந்தாள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, புல்லில் மெல்ல நடந்துவந்து, கீழ்ப்படியில் ஒரு காயை வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுத்து சர்ச் பாடகர் குழுவின் எல்லிஸ் தம்பதி வந்து இரண்டு காய் வைத்தார்கள். பிறகு அஞ்சலகத்தில் என்னிடம் வேலை பார்த்த ரஸ்ஸல், அவனுக்குப் பின் இன்னும் சிலர். ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. ரஸ்ஸல் மட்டும் பழைய பழக்கத்தில் தொப்பியைத் தொட்டான். அந்த விருந்துக்கு வந்தவர்கள்தாம் எல்லோரும். நான் எழுந்திருக்கவில்லை. முதுகு வலித்தது; சாயவும் இல்லை, சாய்ந்தால் வலைக்கதவு கிறீச்சிடும். உள்ளே பென்சில் உரசும் சத்தம் வந்துகொண்டிருந்தது. நடுவில் வெகுநேரம் நின்றிருந்தது. சன்னலைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். மறுபடி தொடங்கியது.

பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வலைக்கதவு என் முதுகில் இடித்தது.

"அப்பா, எழுந்திருங்க, நான் வெளிய வரணும்" என்றாள்.

எண்பத்தொன்று வாங்கியிருந்தாள். மூன்று கிரெடிட்டும் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பதிவாளர் எழுதியிருந்தார். பட்டச் சான்றிதழ் இருபதாம் தேதிக்குள் வந்துவிடும்; அதில் இந்த வருட ஆகஸ்ட் மாதம்தான் இருக்கும். அங்கி போட்ட படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். டார்லா யோசித்துவிட்டு, அது கொஞ்சம் நகரட்டும், பக்கத்தில் ஓர் ஆணி அடியுங்கள் போதும் என்றாள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. முடிதிருத்தும் கடையில், இரண்டாவது தேர்வுக்கு வந்த சுக்கினிகளில் விடைகள் கீறப்பட்டிருந்ததாகவும், நான் படியில் உட்கார்ந்து அவற்றைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளியதாகவும் பேசிக்கொள்கிறார்களாம். அன்று படியில் மொத்தம் ஒன்பது காய்கள் இருந்தன. சாயங்காலம் அவற்றைக் குழாயடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கழுவியவன் நான். எதிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மண் மட்டும் இருந்தது.