ஊசியை நிறுத்தாதவள்

மதுவந்திக்குப் பன்னிரண்டு வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. மாத்திரைக்கு அடங்குகிற ரகம் இல்லை. காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொண்டே ஆக வேண்டும். காலேஜில் சேர்ந்த வயதில் அது அவளுக்குப் பல் தேய்ப்பது மாதிரி ஒரு வேலையாகிவிட்டது. அவளுடைய அப்பா கல்யாணராமனால்தான் அதைப் பார்க்க முடியவில்லை. அவள் சிரிஞ்சைக் கையில் எடுத்தால் அவர் பேப்பரை மடித்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அவருக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியது. யாரோ சொல்லி, அடையாறில் தங்கவேல் என்பவர் நடத்திய இயற்கை உணவுச் சங்கத்தில் சேர்ந்தார். அடுப்பில் ஏற்றாத சாப்பாடு: ஊறவைத்த அவல், துருவின தேங்காய், முளைகட்டின பயறு, வெள்ளரிக்காய், விடிந்ததும் ஒரு டம்ளர் அருகம்புல் சாறு. கூடவே, சங்கத்திலேயே அரைத்து டப்பாவில் அடைத்து விற்கிற சத்து மாவு. சில மாதங்களில் தொந்தி கரைந்தது. நாலு மாடவீதியையும் மூச்சு வாங்காமல் சுற்றிவந்தார். ரத்த அழுத்தமும் இறங்கியது. மதுவந்தியும் அந்தச் சாப்பாட்டை ஆசையாகத்தான் சாப்பிட்டாள். தட்டில் சாதம் குறைந்து காயும் பயறும் ஏறியதில் அவள் சர்க்கரையும் கட்டுக்குள் நின்றது. டாக்டர் பார்த்துவிட்டு இன்சுலின் அளவைக் கொஞ்சம் குறைத்தார்.

குறைத்ததைக் கேட்ட கல்யாணராமனுக்கு, நிறுத்திவிடலாம் என்ற ஆசை வந்துவிட்டது. ஊசி உடம்பைச் சோம்பேறியாக்குகிறது, சாறும் மாவும் போதும் என்று தங்கவேல் வேறு தூபம் போட்டார். ஒருநாள் காலையில் ஃப்ரிட்ஜில் இன்சுலின் பாட்டிலைக் காணோம். கேட்டதற்கு, தூக்கிப் போட்டுவிட்டதாக அப்பா நிதானமாகச் சொன்னார். அம்மா சுப்புலக்ஷ்மி சமையலறைக்குள் போய்ப் பயறு களைய ஆரம்பித்தாள்.

மதுவந்தி கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு லஸ் முனை மருந்துக்கடைக்குப் போய்ப் புதுப் பாட்டில் வாங்கி வந்தாள். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் எழுந்து போவதற்குள் போட்டுக்கொண்டாள்.

"நீ தூக்கிப் போட்டுண்டே இரு, நான் வாங்கிண்டே இருப்பேன்" என்றாள். "என் ஒடம்பு இது. இதுல உனக்கு ஓட்டு கெடையாது."

முன்பு, அவளுக்குப் பதினைந்து வயதில் ஒரு காய்ச்சல் வந்திருந்தது. சாப்பாடுதான் இறங்கவில்லையே, ஊசி எதற்கு என்று விட்டுவிட்டாள். நாக்கு வறண்டு, வாந்தி எடுத்து, மூச்சில் அழுகின பழ வாடை அடித்து, நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா அதை மறக்கப் பார்த்தார். அவள் மறக்கத் தயாராக இல்லை.

அவள் புதுப் பாட்டில் வாங்கி வந்த பிறகு அவர் அதைத் தொடவில்லை. ஆனால் சொந்த வீட்டிலேயே தன் பேச்சு எடுபடவில்லை என்று சங்கத்தில் சொல்ல வாய் வரவில்லை. தங்கவேல் விசாரித்தபோது, நிறுத்தியாயிற்று என்று சொல்லிவைத்துவிட்டார்.

சங்கத்தின் ஆண்டு விழா தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நல்ல கூட்டம். அப்பா கூப்பிட்டதால் மதுவந்தியும் போயிருந்தாள். பந்தியில் முளைப்பயறும் கீரைச் சாறும் உண்டு என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. தங்கவேல் மைக்கைப் பிடித்து, எட்டு வருஷம் ஊசியோடு கிடந்த ஒரு பெண் நம் மாவாலும் சாறாலும் விடுதலை அடைந்திருக்கிறாள் என்று முழங்கி, அவள் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார். கைதட்டல் எழுந்தது. மதுவந்தி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மேடை ஏறும்போதுகூட, கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அத்தனை பேர் நடுவில் அப்பாவின் மானத்தை வாங்க அவளுக்கு மனசில்லை. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் இருந்த சிறுமியின் தோளில் கை வைத்திருந்தாள். பெயர் சகினா, ராயப்பேட்டை என்பதெல்லாம் மதுவந்திக்குப் பிற்பாடுதான் தெரியும்.

"எம்மா, என் பொண்ணுக்கும் இதே ஊசிதான்" என்றாள் சகினா. "போடசொல்லோ ரொம்ப அழுவுது. நீ எப்போ நிறுத்துன? நாங்க இன்னிலேர்ந்து நிறுத்திடலாமா?"

அந்தச் சிறுமி மதுவந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

மதுவந்தி மைக்கை வாங்கினாள். "நிறுத்தாதீங்கோ. நான் நிறுத்தவே இல்ல. இன்னிக்குக் கார்த்தால ஊசி போட்டுண்டுதான் இங்க வந்தேன்."

தங்கவேல் சிரித்துக்கொண்டே, குழந்தை பதற்றத்தில் உளறுகிறது என்று மைக்கைப் பிடுங்கினார். அவள் மேடை நுனிக்கு வந்து வெறும் தொண்டையில் பேசினாள். பாட்டு கற்ற தொண்டை, கடைசி வரிசைவரை போனது.

"இந்தச் சாப்பாடு நல்லது. நானும் தெனம் சாப்பிடறேன், எனக்கு அளவு கொறைஞ்சிருக்கு. ஆனா அளவைக் கொறைக்கறது டாக்டர் பார்த்துச் செய்யற காரியம். எங்க ஒடம்புல இன்சுலின் ஊறாது. எந்த மாவும் அதை ஊறவைக்காது. நிறுத்தினா செத்துப்போவோம். நான் போயிட்டுத் திரும்பி வந்தவ."

சங்கத்து ஆட்கள் இருவர் அவளை இறங்கச் சொன்னார்கள். தானே இறங்கிக்கொள்வதாகச் சொல்லி நிமிர்ந்து நடந்தாள். வாசலில் சகினா மகளோடு ஓடி வந்து, எந்த டாக்டர் என்று கேட்டாள். மதுவந்தி பெயரும் இடமும் சொல்லி, நாளைக்கே போகச் சொன்னாள். சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை.

பஸ்ஸில் அப்பா தள்ளி உட்கார்ந்தார். வீட்டிலும் அவளோடு பேச்சில்லை. தலைகுனிய வைத்துவிட்டாள் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாராம். மதுவந்தியும் சமாதானத்துக்குப் போகவில்லை. பேச வேண்டியவர் அவர்தான் என்று இருந்துவிட்டாள்.

அந்த வாரமே சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த கூட்டத்தில் பெண் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், மாவின் பேர் கெட்டுவிட்டது என்றார்கள். உள்ளறையில் இருந்த மதுவந்தி, பதில் சொல்லத் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அதற்குள் அப்பாவின் குரல் கேட்டது.

"அவ வரமாட்டா" என்றார் கல்யாணராமன். "அவ சொன்னதுதான் நெஜம். பொய் சொன்னது நான். வேணும்னா நான் வந்து மைக்குல சொல்றேன், அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டதையும் சேர்த்து. சொல்லட்டுமா?"

வந்தவர்கள் வேண்டாம் என்று போய்விட்டார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். மகள் நிற்பதைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, கடைசிவரை வரவும் இல்லை.

"இனிமே அங்க போகப் போறதில்ல" என்றார். "பயறு மட்டும் நம்மாத்துலயே ஊறப்போட்டுக்கலாம். அது என்ன பாவம் பண்ணித்து?"

மதுவந்திக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உடனே சிரித்துவிட மனமில்லை.