குறுக்கே விழுந்த தெராப் மரமும் பாராங்கின் பயன்களும்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பிட் நகரத்து மாலை வகுப்பில் ஆசிரியை லாவ் கொடுத்த தலைப்பு: 'வெளியிடங்களில் ஒரு கருவியின் பயன்கள்'. பகலில் இரும்புக்கடையில் நிற்பவள் நான். இதைவிட எளிய தலைப்பு கிடைக்காது என்று நினைத்தேன். ஊரே ஒரு கூரையின் கீழ் வாழும் எங்கள் நீளவீட்டில் சோற்றுப் பொட்டலத்தை மறந்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. பாராங்கை மறந்தவர் பாதி வழியிலிருந்து திரும்பி வந்துவிடுவார்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

பாராங் என்பது முழங்கை நீளமுள்ள, மடங்காத வெட்டுக்கத்தி. அதன் பயன்களாவன: அ) மூங்கில் பிளக்கலாம். ஆ) புதரை விலக்கலாம். இ) மீன் செதில் சுரண்டலாம். ஈ) முதுகுப் பக்கத்தால் முளை அடிக்கலாம். உ)

'உ'வில் நின்றுவிட்டேன். என் அண்ணன் பெலாயோங் தன் கல்யாணத்துக்குப் போகிற வழியில், ஆற்றின் நடுவே பாராங்கை ஓங்கி நின்றானே, அது எந்த எழுத்தின் கீழ் வரும்?

2

இரண்டாவது தொடக்கம்: 'அன்று காலை ஆறு வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல'

(வேண்டாம். ஆறு பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. என்றைக்கும் அப்படித்தான்.)

மூன்றாவது: நாங்கள் படகில் லூலோங்கை அழைத்துவரப் போய்க்கொண்டிருந்தோம். லூலோங் கல்யாணப் பெண். அவளுடைய நீளவீடு ஆற்றின் மேல்பக்கம். பெண்ணழைக்கப் போகும் வழியில் மான் குரைத்தாலோ (எங்கள் காட்டில் நாய்போலக் குரைக்கும் மான் உண்டு), மரம் விழுந்தாலோ, கெட்ட சகுனம் என்று படகைத் திருப்பிவிடுவது எங்கள் வழக்கம். கல்யாணம் அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போகும். போன வருடம் மான் குரைத்தது, திரும்பினோம். லூலோங்கின் அப்பா சொல்லி அனுப்பினார்: "இன்னொரு தடவை திரும்பினா, காட்டுக்கே இந்தச் சம்பந்தம் பிடிக்கலேன்னு நான் எடுத்துக்குவேன்."

ஆகவே இம்முறை சேகண்டி. எந்தக் குரலும் காதில் விழாதபடி வழி நெடுக அடித்துக்கொண்டே போகவேண்டும். அடித்தவள் நான்.

"உமாங், கை வலிக்குதா?" என்று காதருகே கத்தினாள் ஜாவாய் அத்தை.

"வலிக்குது அத்தை."

"வலிக்கட்டும். நீ எப்ப நிறுத்துவேன்னு அந்த மான் பய காத்துக்கிட்டு இருப்பான்."

மணல்திட்டில் படகு தட்டியது. அண்ணன் குதித்தான், கரையேறினான், இரண்டே வீச்சில் இரண்டு தள்ளுகோல்கள். (ஊ! 'உ' என்ன என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.) திரும்பி வந்தவனை அத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்யாணச் சட்டையில சேறு. பொண்ணு வீட்டுல உன்னைப் படகு தள்ள வந்த ஆளுன்னு நெனச்சுப் பின்பக்கமா உக்கார வச்சுச் சோறு போடப் போறாங்க."

"சோறு போட்டாச் சரி அத்தை."

3

வளைவில் திரும்பியதும் மரம்.

கரைக்குக் கரை குறுக்கே கிடந்தது. தெராப் மரம், பலாவுக்குத் தங்கை முறை, வெட்டினால் வெள்ளையாகப் பால் வரும். நீரோட்டம் அதன்மேல் ஏறி வழிந்தது. படகு ஓட்டிவந்த சாவோங் மாமா மோட்டாரை அணைத்தார். நான் அடிப்பதை நிறுத்தினேன்.

"இது எப்ப விழுந்தது?" என்றார் மாமா.

யாருக்குத் தெரியும்? எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு வந்தோம்.

(ஆசிரியை அவர்களுக்கு: இது கதைக்காக நான் செய்த ஏற்பாடு அல்ல. என் ஏற்பாடாக இருந்தால் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.)

"நாம கிளம்பறதுக்கு முன்ன விழுந்திருந்தா இது வெறும் மரம்" என்றார் மாமா. "வெட்டிட்டுப் போவோம். கிளம்பின பிறகு விழுந்திருந்தா, நமக்கு வந்த சேதி."

"சேதி சொல்றவங்க கொஞ்சம் சத்தமாச் சொல்லக் கூடாதா மாமா?" என்றான் அண்ணன்.

"சத்தமாத்தான் சொல்லியிருப்பாங்க. உன் தங்கச்சி அதைவிடச் சத்தமா அடிச்சா."

முதல் வரைவில் மாமாவைப் பிடிவாதக்காரராக, கல்யாணத்தைக் கெடுக்க வந்தவராக எழுதியிருந்தேன். அந்த வரிகளை அடித்துவிட்டேன். இந்தக் கல்யாணத்துக்காகப் படகுக்குப் புதுச் சாயம் பூசியவர் அவர். ஆனால் பயந்தவர். தன் முதல் கல்யாணத்துக்குப் போனபோது மான் குரைத்ததைக் கேட்டும் கேட்காததுபோலப் போனார். அந்தக் கல்யாணம் ஒரு அறுவடைகூடத் தாங்கவில்லை.

"அந்த மான் குரைச்சதாலதான் இவருக்கு நான் கெடைச்சேன்" என்றாள் அத்தை. "அது இருக்கிற திக்குக்கு ஒரு கும்பிடு."

மாமா சிரிக்கவில்லை. "பெலாயோங், ஒரு வெட்டுப் போடு. பால் வழிஞ்சா இப்ப விழுந்தது. வறண்டிருந்தா நேத்தைய மரம்."

எ) மரத்திடம் கேள்வி கேட்கலாம்.

வகுப்பு தொடங்குமுன் இதை எழுதியபோது எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்தவர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தேன்.

4

அண்ணன் மார்பளவு நீரில் நின்று ஓங்கினான். வலச்சரிவாக ஒன்று, இடச்சரிவாக ஒன்று. ஒரு சில்லு எம்பிப் பறந்து என் மடியில் விழுந்தது. யோசிக்காமல் பொத்திக்கொண்டேன். வெட்டின வாயின் மேல் நுரை ஏறி இறங்கியது. அங்கே பாலா நீரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"சில்லு எங்கே?" என்றார் மாமா.

அப்போதுதான் மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. டொக். டொக்.

"யாரு அது?" அண்ணன் கத்தினான்.

"சேகண்டி நின்னு போச்சேன்னு பாக்க வந்தேன். போன வருஷம் மாதிரி திரும்பிட்டீங்களோன்னு." லூலோங்கின் குரல்.

"கல்யாணப் பொண்ணு எதுக்க வரலாமாடி?" என்றாள் அத்தை.

"வரக்கூடாதுன்னா நீங்க சீக்கிரம் வெட்டுங்க அத்தை. அங்க பன்னிக்கறி வெந்து குழைஞ்சுக்கிட்டு இருக்கு."

"வெட்டறது யாரு? உங்கப்பாவா?"

"அப்பா படகைப் புடிச்சுக்கிட்டு இருக்காரு. பாராங் என் கையில."

(பெண்ணின் அப்பாவே வந்து படகைப் பிடித்தார் என்றால் நம்புவார்களா என்று எனக்குச் சந்தேகம். மூன்று முறை அழித்து, மூன்று முறை அதையே எழுதினேன்.)

5

முடிவு ஒன்று: கையைத் திறந்தேன், சில்லு வறண்டிருந்தது, எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள். (இவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் நான் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.)

முடிவு இரண்டு: கையைத் திறந்தேன், பால் ஒட்டியிருந்தது. மாமா படகைத் திருப்பினார். பின்னால் அந்த டொக் டொக் சத்தம் நிற்காமல் நெடுநேரம்

(முடியவில்லை.)

நடந்தது இது. மாமா கையை நீட்டினார். "உமாங், கையைத் திற. ஒட்டுதா?"

அந்தப் படகிலேயே விடை தெரிந்தவள் நான் ஒருத்திதான். உள்ளங்கைக்குத் தெரியும். அண்ணன் என்னைப் பார்த்தான். அந்தப் பக்கம் ஒரு வெட்டு விழுந்தது, மரம் முழுக்க அதிர்ந்தது.

சில்லை விடாமலே அதே கையால் அடிகோலை எடுத்தேன். அடித்தேன். கல்யாணப் படகில் எப்படி அடிப்பார்களோ அப்படி. மாமாவின் உதடுகள் அசைந்தன, எனக்கு எதுவும் கேட்கவில்லை. அண்ணன் மறுபடி ஓங்கினான்.

மாமா மரத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பின் அவர் கை பின்பக்கமாக நீண்டது. அங்கே அருகருகே இரண்டு பொருள்கள் இருந்தன: திரும்பிப் போவதென்றால் மோட்டாரைக் கிளப்பும் கயிறு, இல்லையென்றால் அவருடைய பாராங்.

எதை எடுத்தார் என்பதை நீங்கள் எழுதுங்கள். 'உ'வுக்கு எதிரே இடம் விட்டிருக்கிறேன். என்னைக் கேட்காதீர்கள், நான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.