பூ விழுந்த கண்

பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையின் வலது கண் காலையில் திறக்கவே இல்லை. இமை வீங்கி, மஞ்சளாகப் பீளை ஒட்டிக் கிடந்தது. குழந்தையைப் பெற்றவள், தாயில்லாத விஜயஸ்ரீ, மூன்றாம் தடவையாகக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா மதினி?"

"பச்ச உடம்புக்காரி பேசாம படு. பொம்பளப் பிள்ள பெத்தவ பால ரெண்டு சொட்டு விட்டா, ஆம்பளப் பிள்ளைக்குக் கண்ணு தெளிஞ்சிரும்."

சொன்னவள் சித்ரலேகா, விஜயஸ்ரீயின் கணவனுடைய அக்கா. ஏரல் ஊரில் இருந்த அந்த வீட்டுக்கு அவள் வைத்ததுதான் சட்டம். அறிவியல் டீச்சர் வேறு. வகுப்பில் கிருமிகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் அதையெல்லாம் செருப்போடு கழற்றி விட்டுவிடுவாள். இரண்டு நாளாக நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டுப் பார்த்ததும் அவள்தான்.

தெருவில் பால் குடிக்கும் பெண் குழந்தை வைத்திருந்தவள் பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா மட்டுமே. அவளோடு மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. சித்ரலேகாவின் முருங்கை மரத்திலிருந்து கம்பளிப்பூச்சி விழுகிறது என்று பாத்திமா சொல்லப்போக, "உன் மூத்த மவளோட பூ விழுந்த கண்ணு பட்டுத்தான் எங்க மரம் காய்க்கல" என்று ஐந்து வயதுச் சுபைதாவின் முகத்துக்கு நேரே சொன்னவள் சித்ரலேகா. இருந்தாலும் இப்போது பால் வாங்கப் பாலாடைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் பாத்திமாவின் வாசலில் நின்றாள்.

விஷயத்தைக் கேட்ட பாத்திமா கதவு நிலையில் கையை ஊன்றி வழியை மறித்தாள்.

"ஒரு சொட்டு தரமாட்டேன்."

"பச்சப்பிள்ளகிட்டயா பகைய காட்டுத? நீயெல்லாம் ஒரு தாயா?"

"சுபைதா கண்ணுல பூ தானா விழல டீச்சர். இதே மாதிரி பீளதான் கட்டுச்சு. நானும் ஊர் பேச்சக் கேட்டு அடுத்தவ பால வாங்கி ஊத்துனேன், பூச்சாறு ஊத்துனேன். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனா, கருவிழியில புண்ணாயிட்டு, தழும்பு போகாதுன்னுட்டாங்க. நான் கெடுத்த கண்ணத்தான் நீங்க கேலி பண்ணுனீய."

சித்ரலேகா வெறும் பாலாடையோடு திரும்பினாள். அதற்குள், சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த விஜயஸ்ரீ, குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருமுனை ஆட்டோவில் ஏறிவிட்டாள். மதினியிடம் உத்தரவு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, பின்னாலேயே வந்து சேர்ந்த சித்ரலேகாவைத்தான் வைதாள். "பிறந்த பிள்ளைக்குக் கண் வீங்குனா அன்னைக்கே வரணும். கொதிக்கவச்சு ஆறுன தண்ணியில பஞ்ச நனைச்சுத் துடைக்கலாம், வேற எதையும் விடக்கூடாது. நாளைக்கு வந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." மருந்து விட்ட ஐந்தாம் நாள் குழந்தை இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தது.

அன்று சாயங்காலம் சித்ரலேகா பாத்திமாவின் வாசலுக்குப் போனாள். "உன் பிள்ளைய அப்படிச் சொன்னது தப்பு" என்றாள்.

பாத்திமாவின் முகம் இளகவில்லை. "உங்க மன்னிப்பு எனக்கு வேண்டாம். சுபைதா கண்ணு திரும்பி வரவா போவுது? ஊருக்கே பாடம் சொல்லுதீய, இதையும் சொல்லுங்க. பிள்ள கண்ணுக்கு வீட்டு வைத்தியம் பண்ணாதீய, டாக்டர்கிட்ட கொண்டுபோங்கன்னு."

கதவைச் சாத்தப்போனவள் திரும்பினாள்.

"அப்புறம், அந்த முருங்கையை வெட்டுங்க."