கோர்ட்டு கலையும் வரை

"கை தானா வலப்பக்கம் போயிரும் தஸ்லி. நீதான் பக்கத்துல இருந்து பாத்துக்கிடணும்" என்று அன்றைக்குக் காரை எடுக்கும்போதே சுஹைல் சொன்னான்.

"நானா? லைசென்ஸு உங்களுக்கா, எனக்கா?"

"சவுதியில பதினோரு வருஷம் வலப்பக்கமா ஓட்டுன கை புள்ள இது. ஊருக்கு வந்தா மொத பத்து நாளு மூளை ஒண்ணு சொல்லும், கை ஒண்ணு செய்யும். நா தப்பா ஏறுனா ஒரு சத்தம் குடு. அது போதும்."

"சத்தம் குடுத்தா கோவப்பட மாட்டீகளே?"

"லீவுல வந்தவன் பொண்டாட்டி மேல கோவப்படுவானா?"

அவன் கண்ணடித்தான். அவள் சிரித்தாள். ஊருக்கு வந்து மூன்றே நாள் ஆன புருஷன், மச்சினன் வீட்டுக் கார், பின் சீட்டில் அவன் வாங்கி வந்த பேரீச்சம்பழ டப்பாக்கள். தஸ்லிமாவுக்கு அந்தக் காலைநேரம் அவ்வளவு பிடித்திருந்தது.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. பாளையங்கோட்டைக் கோர்ட்டு வராந்தாவில், கம்பி போட்ட ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த தஸ்லிமாவுக்கு அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் பெயரைக் கூப்பிடுவார்கள். அவள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். காலையிலிருந்து மூன்று தடவை முகம் கழுவியாயிற்று. புர்காவுக்குள் முதுகு நனைந்து ஒட்டியது. 

அன்று நடந்தது இதுதான். முன்னீர்பள்ளம் தாண்டி ஒரு பங்கில் பெட்ரோல் போட்டார்கள். தங்கள் ஊரான மேலப்பாளையத்துக்குத் திரும்ப வேண்டுமானால் ரோட்டைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். சுஹைல் கடக்கவில்லை. பங்கின் ஓரத்தோடு வலப்பக்கம் ஒடித்து, அந்த ஓரத்திலேயே நேராக விட்டான். சவுதியில் அதுதான் சரியான பக்கம். எதிரே தன் பக்கத்தில் ஒழுங்காக மொபெட்டில் வந்துகொண்டிருந்தார் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி கிருபைராஜ். தஸ்லிமா கார் ஏறிய பக்கத்தையும் பார்த்தாள், எதிரே வந்த மொபெட்டையும் பார்த்தாள். வாயைத்தான் திறக்கவில்லை. அடுத்த நிமிடம் ரோடெல்லாம் கருப்பட்டி உருண்டது. கிருபைராஜுக்கு வலது கால் முறிந்தது. சுஹைல்தான் அவரைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

போலீஸ் எழுதியது, 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் காரை ஓட்டி வந்து'. அந்த வரியைப் படித்த நாளிலிருந்து சுஹைல் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெயிலுக்குப் போட்டாலும் போடலாம் என்று வக்கீல் கிரேஸ் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கம்பெனி இரண்டு தடவை லீவை நீட்டிக் கொடுத்தது. மூன்றாம் தடவை, ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் விசா ரத்து என்று செய்தி அனுப்பிவிட்டது.

போன மாதம் கிரேஸ் கேட்டார். "அந்த இடத்துல தண்ணிக் குழாய் போட ரோட்ட தோண்டியிருந்தாங்கள்லா? ஆக்ஸிடென்ட் அன்னைக்கே குழி இருந்துச்சா? இருந்திருந்தா, இடப்பக்கம் போக வழியில்லாம வலது ஓரமா வந்தாருன்னு வாதாடலாம். அஜாக்கிரதைங்கிற பேச்சே அடிபட்டுப் போகும்."

"இருந்துச்சு மேடம்" என்றான் சுஹைல். சொல்லிவிட்டுத் தஸ்லிமாவைப் பார்த்தான். "நீயும் பாத்தேல்லா?"

விபத்துக்கு அடுத்த வாரம்தான் குழி தோண்டினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிருபைராஜைப் பார்க்கப் போன வழியில், ஜேசிபி நின்றதை இரண்டு பேரும்தான் பார்த்தார்கள். ஆனால் சுஹைலின் கண்ணில் அவள் அதுவரை காணாத ஒரு பயம். அவள் தலையை ஆட்டினாள். கிரேஸ் நம்பி எழுதிக்கொண்டார்.

லீவில் வந்த புருஷனிடம் மறுபேச்சுப் பேசக்கூடாது என்பது அவர்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். வருஷத்துக்கு நாற்பது நாள். அதில் ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால்கூட, பதினோரு மாதம் அதையே நினைத்து அழ வேண்டியிருக்கும். அதனால் கறியில் உப்பு கூடினதாக அவன் சொன்னாலும் சரி, மகள் ஸமீஹாவின் வகுப்பை மறந்துபோனாலும் சரி, தஸ்லிமா சிரித்துவிடுவாள். பதினோரு வருஷத்தில் சிரிப்பே பழக்கமாகிவிட்டது.

"வாரும் வே சவுதிக்காரரே!"

வராந்தாவில் நின்ற தஸ்லிமாவும் பக்கத்தில் இருந்த சுஹைலும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். கிருபைராஜ் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ரோட்டுல மட்டும்தான் வலப்பக்கமா, இல்ல பெஞ்சுலயும் வலப்பக்கந்தான் உக்காருவீரா? சொன்னா நவுந்துக்கிடுதேன். இன்னொரு காலும் போயிரக் கூடாதுல்லா."

சுஹைலுக்குச் சிரிக்க வரவில்லை. "கால் எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"கால் கெடக்கட்டும். போன வாய்தாவுல உம்ம வக்கீலம்மா என்னைக் கூண்டுல நிறுத்தி, குழி இருந்துச்சுல்லா, பாக்காம வந்தீருல்லான்னு கேட்டாங்களே, அதுதான் வே இன்னும் வலிக்கு. முப்பது வருஷமா அந்த ரோட்டுலதான் கருப்பட்டி விக்கேன். குழி என்னிக்குத் தோண்டுனாங்கன்னு எனக்குத் தெரியாதா?" அவர் தஸ்லிமாவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "நீ ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டாந்து குடுத்த பிள்ள. நான் பொய்யனாம்மா?"

தஸ்லிமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். 

"தஸ்லிமா... தஸ்லிமா... தஸ்லிமா..." வாசலிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார்கள்.

கூண்டின் மரக்கட்டை இடுப்பு உயரம்தான்.  உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். கிரேஸ் முன்னால் வந்து பெயர், ஊர், உறவு எல்லாம் கேட்டார். அதற்கெல்லாம் பதில் வந்துவிட்டது.

"நீங்க பங்குல இருந்து வெளிய வரும்போது, ரோட்டோட அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?"

மின்விசிறி கடகடவென்று ஓடியது. சுஹைல் குற்றவாளிக் கூண்டில் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். குழி என்று ஒரு வார்த்தை. சொன்னால் அவன் தப்பிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏறலாம்.

சொல்லாவிட்டால்? அங்கேதான் அவள் சிக்கிக்கொண்டாள். ஏனென்றால் அவன் போகக்கூடாது என்பதுதான் அவளுடைய ஆசை. எத்தனையோ வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருக்கும் ஆசை. அன்றைக்குக் காரில் அதைத்தான் எப்படிக் கேட்பது என்று வார்த்தை கோர்த்துக்கொண்டிருந்தாள். அந்த யோசனையில்தான் சத்தம் கொடுக்க மறந்தாள். இப்போது உண்மையைச் சொன்னால், அது உண்மைக்காகச் சொன்னதா, அவனை இங்கேயே பிடித்துப்போடுவதற்காகச் சொன்னதா? அல்லாஹ்வுக்குத் தெரியும். அவளுக்கே தெரியவில்லை. உண்மை சொல்லப்போய் அவனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டால்?

"சொல்லுங்கம்மா" என்றார் மாஜிஸ்திரேட்.

வராந்தாப் பக்கம் கம்பு தரையில் தட்டும் சத்தம் கேட்டது. கிருபைராஜ் வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணும் இல்லய்யா" என்றாள். "ரோடு நல்லாத்தான் இருந்துச்சு. குழி அடுத்த வாரந்தான் தோண்டுனாங்க."

கிரேஸின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. சுஹைல் கண்ணை மூடிக்கொண்டான்.

 தஸ்லிமாவுக்குத் திறந்த வாய் மூடவில்லை. "அவுக வேகமா வரலய்யா. அப்பத்தான் வண்டிய எடுத்தாங்க. சவுதியில வலப்பக்கம் ஓட்டிப் பழகுன கை. அவுகளுக்கே அந்தப் பயம் இருந்துச்சு. தப்பா ஏறுனா சத்தம் குடுன்னு என்கிட்ட சொல்லித்தான் வண்டியவே எடுத்தாங்க. நான் பாத்தேன். சத்தம் குடுக்கல."

"ஏன் குடுக்கல?"

"வேற ஒண்ணு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மாஜிஸ்திரேட் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுதினார். வெகுநேரம் எழுதினார்.

மூன்று மணிக்குத் தீர்ப்பு. அதுவரை சுஹைல் அவளிடம் பேசவில்லை. அவளும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கிரேஸ் வாங்கிக் கொடுத்த டீ ஆடைபிடித்துக் கிடந்தது. அவனைக் கூட்டிப்போவதற்குத்தானோ என்னவோ, ஒரு போலீஸ்காரர் வாசலில் வந்து நின்றார். அவர் இடுப்பில் தொங்கிய விலங்கைப் பார்த்ததும் தஸ்லிமா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தாள். பாதியில் பாதியில் விட்டுப்போயிற்று.

குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று மாஜிஸ்திரேட் வாசித்தபோது தஸ்லிமா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் மேலே வாசித்தார். எதிரியான சுஹைல் வேகமாக வந்ததாகத் தெரியவில்லை. அடிபட்டவரைத் தானே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். முன்குற்றம் கிடையாது. ஆகவே அபராதமும், கோர்ட்டு கலையும் வரை காவலும்.

"அப்படின்னா?" என்றாள் கிரேஸிடம். 

"சாயந்திரம் கோர்ட்டு முடியுற வரைக்கும் இந்த ஹாலைவிட்டு வெளிய போகக் கூடாது. அவ்வளவுதான் தண்டனை." கிரேஸ் மூச்சு விட்டார். "என்கிட்ட பொய் சொன்னதுக்கு ரெண்டு பேரையும் பொறவு வச்சுக்கிடுதேன். இப்ப அபராதத்தக் கட்டிட்டு வாரேன். ஞாயித்துக்கிழமை அவரு பிளேன் ஏறலாம். யாரும் தடுக்க முடியாது."

வெளியே போகும்போது கிருபைராஜ் சுஹைலின் தோளில் தட்டினார். "நல்லா உக்காரும் வே. எந்தப் பக்கம் வேணும்னாலும் உக்காரும்."

கடைசி பெஞ்சில் சுஹைல் உட்கார்ந்தான். தஸ்லிமாவும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளைப் போகச் சொல்ல யாரும் இல்லை. அடுத்தடுத்த வழக்குகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

யாரும் தடுக்க முடியாது என்று கிரேஸ் சொன்னது அவள் காதிலேயே நின்றது. இனி வழக்கும் தடுக்காது, போலீஸும் தடுக்காது. அவள் சொன்ன உண்மை அவனைப் பிடித்துப்போடவில்லை. அந்தச் சந்தேகம் அவளைவிட்டு இறங்கிவிட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. இனி தடுப்பதென்றால் அவளே வாய் திறந்து கேட்க வேண்டும்.

"வக்கீல் ஆபீஸ்லயே சொல்லியிருக்கலாம்லா, குழி இல்லன்னு" என்றான் சுஹைல், முன்னால் பார்த்தபடியே, மெல்ல.

"உங்க முன்னாலயா? எனக்குப் பயம்."

"நா என்ன அடிக்கவா செய்யுதேன்?"

"அடிச்சாத்தான் பயமா? லீவுல வந்திருக்கீக. மனசு நொந்து போயிட்டா?"

 முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு சுஹைல் அவளைத் திரும்பிப் பார்த்தான். காலையிலிருந்து முதல் தடவையாக.

"வேற ஒண்ணு நெனச்சேன்னு சொன்னியே தஸ்லி. கண்ணு முன்னால வண்டி வருது, அதக்கூடச் சொல்லத் தோணாம அப்படி என்ன நெனப்பு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிச் சிரித்துவிடலாம். சிரிப்பு உதடு வரை வந்தும்விட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை. கோர்ட்டு கலைய இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அவனால் இந்த பெஞ்சைவிட்டு எழுந்து போக முடியாது. போன் எடுக்க முடியாது. கூட்டாளி கூப்பிட்டான் என்று வாசலுக்கு நடக்க முடியாது.

அவள் புர்காவின் நுனியைச் சுருட்டி இறுக்கிப் பிடித்தாள். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது.

"நீங்க திரும்ப சவுதிக்குப் போவாதீங்க. எங்ககூடவே இருங்க."